நேர்காணலுக்குப் போகும் மாணவரின் பாதுகாப்பு: மேற்பார்வையாளருக்கு ஒரு வழிகாட்டி

ஐஆர்பி என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பப்படும் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள கேள்விகளில் பெரும்பாலானவை பதிலளிக்கப்போகிறவரைப் பற்றியே இருக்கும். அவருக்கு விவரம் சரியாகச் சொல்லப்பட்டதா, விரும்பியபோது அவர் விலகிக்கொள்ளலாமா, அவர் பெயர் எங்கே பூட்டி வைக்கப்படும், பேசும்போது அவர் உடைந்துபோனால் யாரிடம் அனுப்புவீர்கள் என்பவை கேட்கப்படும். கேட்கப்பட வேண்டியவைதாம். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை போன்ற ஆவணங்களின் வழியே, ஆய்வு நெறிமுறை என்பதே ஆய்வுக்கு உட்படுகிறவரைக் காப்பதற்காக வளர்ந்த ஒன்று. ஆனால் கேள்வி கேட்கப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அன்றிரவு எப்படி வீடு திரும்பும், கேட்டதையெல்லாம் எங்கே இறக்கிவைக்கும் என்பதற்கான இடம் பல படிவங்களில் ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

சிங்கப்பூரில் இறுதியாண்டு ஆய்வுகளை மேற்பார்வையிடுகிறவர்களுக்காக, அதிலும் தமிழ் பேசும் மக்களிடையே குடும்ப வன்முறை, சாதி, போதைப் பழக்கம், வெளிநாட்டு ஊழியரின் கடன், பாலின அடையாளம், தற்கொலை முயற்சி போன்றவற்றை ஆராயும் மாணவர்களை வழிநடத்துவோருக்காக இதை எழுதுகிறேன். மாணவர்களும் படிக்கலாம். மேற்பார்வையாளரிடம் எதையெல்லாம் கேட்டுப் பெறலாம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

மதிப்பெண்ணிலிருந்து தொடங்குங்கள்

மற்ற எல்லா ஏற்பாட்டுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, மாணவர் களப்பணியைப் பாதியில் நிறுத்தினாலும் மதிப்பெண் குறையாதபடி ஒரு மாற்றுவழியை எழுத்தில் வைப்பதுதான். இது நிர்வாக வேலைபோலத் தோன்றும். ஆனால் ஆகஸ்டில் தலைப்பை முடிவுசெய்து, டிசம்பர் விடுமுறையில் ஆட்களைச் சந்தித்து, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஒப்படைத்தே தீரவேண்டிய ஒரு மாணவர், பிப்ரவரி மாதம் தப்பான இடத்தில் தப்பான ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதை உணர்ந்தாலும் எழுந்து வரமாட்டார். எழுந்து வந்தால் ஆய்வு கெடும், ஆய்வு கெட்டால் பட்டத்தின் தரம் இறங்கும் என்று கணக்குப் போட்டபடி அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இதை நான் கற்றுக்கொண்டது என் பிழையிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையில் மணமுறிவைப் பற்றி ஆராய்ந்த மாணவி ஒருவர், ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சென்று பேசிக்கொண்டிருந்தபோது, பிரிந்து வாழ்வதாகச் சொல்லப்பட்ட கணவர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். மாணவி ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க வந்த ஆசிரியை என்று சொல்லி, மேலும் நாற்பது நிமிடம் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பேட்டியைச் சமையலறையில் வைத்து முடித்திருக்கிறார். எனக்கு இது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஏன் உடனே கிளம்பவில்லை என்று கேட்டேன். “எட்டுப் பேர் வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்றார். எட்டு என்ற எண்ணை நான் எந்த ஆராய்ச்சிக் காரணத்துக்காகவும் சொல்லவில்லை. முந்தைய ஆண்டு மாணவர் எட்டுப் பேரைச் சந்தித்திருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே இரண்டாவது திட்டம் ஒன்றை மாணவரோடு சேர்ந்து வரையுங்கள். இந்த ஊரில் அதற்கு வேண்டிய பொருள் நிறையவே இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. நாடாளுமன்ற விவாதப் பதிவுகளை 1955ஆம் ஆண்டு முதல் தேடிப் படிக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் கிடைக்கின்றன. 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகளில் தமிழிலேயே பேசியவர்களும் உண்டு. நேர்காணல்கள் மூன்றோடு நின்றுபோனால் எந்த அத்தியாயம் எதைக்கொண்டு நிரப்பப்படும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, நீங்களும் மாணவரும் கையெழுத்திட்டு, துறையின் ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள். அந்தத் தாள் கையில் இருக்கும் மாணவர்தான் சங்கடமான வீட்டிலிருந்து எழுந்து வருவார்.

அதே சந்திப்பில் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. கேட்கும் முறைதான் முக்கியம். கனமான தலைப்பை எடுக்கும் மாணவர்களில் பலர் அதை வெறும் ஆர்வத்தால் எடுப்பதில்லை. சொந்த வீட்டிலோ உறவிலோ பார்த்ததுதான் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியிருக்கும். “உனக்கு இப்படி நடந்ததுண்டா” என்று நேராகக் கேட்பது அத்துமீறல். நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: “இந்தத் தலைப்பில் உங்களுக்குத் தெரிந்த முகம் ஏதாவது இருக்கலாம். அது யார் என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. பேட்டியில் அதே கதை எதிரே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் யோசித்து வையுங்கள்.” சிலர் அடுத்த வாரம் வந்து தலைப்பைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறார்கள், பெரும்பாலோர் நகர்த்துவதில்லை. இரண்டும் சரியே.

எதற்கு வாக்குக் கொடுக்கலாம்

“நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது” என்ற வாசகத்தை மாணவரின் ஒப்புதல் படிவத்தில் கண்டால் அடித்துவிடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் மாணவரிடம் இல்லை. வழக்கறிஞருக்கும் அவரது கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டம் தரும் காப்பு, ஆய்வாளரிடம் சொல்லப்பட்ட பேச்சுக்குக் கிடையாது. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட கடுங்குற்றங்கள் நடந்ததையோ, நடத்த ஒருவர் எண்ணியிருப்பதையோ அறிந்தவர், தகுந்த காரணம் இல்லாத பட்சத்தில், உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கொலையும் கொள்ளையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. மேலும், விசாரணைக்கு வேண்டிய ஆவணங்களை ஒப்படைக்கும்படி காவல்துறை உத்தரவிட முடியும். ஒலிப்பதிவும் அதில் அடங்கும்.

வெளிநாடுகளில் நடந்தவை இதன் கனத்தைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் ஆய்வு மாணவர், தாம் சந்தித்தவர்களைப் பற்றி நடுவர் குழுவின் முன் பேச மறுத்ததற்காக 1993ஆம் ஆண்டு 159 நாள் சிறையில் இருந்தார். வட அயர்லாந்துப் போராட்டத்தில் ஈடுபட்டவர்களிடம், உயிரோடு இருக்கும்வரை வெளியிடமாட்டோம் என்று உறுதி கூறி அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரிக்காகப் பதிவுசெய்யப்பட்ட பேட்டிகளைக் கேட்டு 2011ஆம் ஆண்டு அழைப்பாணை வந்தது. அவற்றில் ஒரு பகுதி இறுதியில் காவல்துறையின் கைக்குப் போனது. இளநிலை மாணவர் ஒருவர் இத்தகைய நிலைக்கு வரக்கூடாது. வராமல் தடுப்பது பெரும்பாலும் கேள்வியை அமைக்கும் விதத்தில் இருக்கிறது.

பேட்டியின் தொடக்கத்திலேயே மாணவர் சொல்ல வேண்டிய வாசகம் இது: “நடந்ததைச் சொல்லும்போது ஆள் பெயர், இடம், தேதி எதுவும் வேண்டாம். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்றோ, சட்டப்படி நான் தெரிவித்தே ஆகவேண்டிய குற்றம் என்றோ தெரியவந்தால் என் பேராசிரியரிடம் சொல்லுவேன்.” இதைச் சொன்னால் ஆட்கள் பேசமாட்டார்கள் என்று மாணவர்கள் அஞ்சுவார்கள். என் அனுபவத்தில், இதைக் கேட்டபின் பெரும்பாலோர் நிம்மதியாகவே பேசுகிறார்கள். எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

தலைப்பைப் பொறுத்துச் சட்ட நிலை மாறும் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்க 2022 நவம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டம் 2025 பிப்ரவரியில் நிறைவேறியது. சாதி, இனம், சமயம் பற்றி எழுதும் மாணவர், தாம் கேட்ட வசைச்சொல்லை மேற்கோளாகக் காட்டுவதற்கும் அதை வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தனியே பகிர்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதனாலும் அறிந்திருக்க வேண்டும். போதைப்பொருள் விஷயத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான். “ஜோகூரில் ஒருமுறை” என்று தொடங்கும் கதையை அடையாளம் தெரியும் குரலில் பதிவுசெய்து வைத்திருப்பது சொன்னவருக்கும் ஆபத்து, வைத்திருப்பவருக்கும் தலைவலி. அத்தகைய தலைப்புகளில் ஒலிப்பதிவே வேண்டாம், குறிப்பெடுத்தால் போதும் என்பது என் கருத்து. மேற்கோளின் துல்லியம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

“நீ யார் வீட்டுப் பிள்ளை?”

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும், தீபாவளிச் சந்தையிலும், பட்டிமன்றத்திலும் ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் சமூகம் இது. பெரிய நாட்டுக்கென்று எழுதப்பட்ட ஆய்வுமுறை நூல்கள் பெயரை மாற்றினால் போதும் என்று சொல்லும். இங்கே அது போதாது. “உட்லண்ட்ஸ் வட்டாரப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும், மணமுறிவு பெற்ற, மூன்று பிள்ளைகளின் தாய்” என்று எழுதிவிட்டு அவருக்கு மீனா என்று பெயர் சூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. தமிழாசிரியர் வட்டத்தில் ஒருவர் படித்தால் இரண்டாவது வரியில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

கண்டுபிடிக்கப்பட்டவரின் கோபமோ, அவர் உறவினரின் கோபமோ நேராக மாணவரின் வீட்டு வாசலுக்கு வரும் என்பதால் இது மாணவரின் பாதுகாப்பையும் சேர்ந்தது. ஆய்வுக் கேள்விக்குத் தேவைப்படாத விவரங்களை மாற்றுங்கள்: வேலை, வட்டாரம், பிள்ளைகளின் எண்ணிக்கை. தேவைப்பட்டால் இருவரின் அனுபவங்களை ஒருவருடையதாக இணைத்து, அவ்வாறு இணைத்திருப்பதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் முன், தமிழ் வட்டாரத்தை நன்கு அறிந்த, வாயைக் காக்கத் தெரிந்த ஒருவரிடம் மேற்கோள்களை மட்டும் கொடுத்து, யாரையாவது ஊகிக்க முடிகிறதா என்று கேளுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்தப் பகுதியைத் திருத்துங்கள்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. தமிழர் வீட்டில் பேட்டிக்கு உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் வரும் கேள்வி, “நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா? அப்பா என்ன செய்றாங்க? எந்த புளோக்?” என்பதுதான். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவாகப் படும். ஆனால் அந்தப் பதில்தான் பின்னொரு நாள் மாணவரின் தாயாரிடம், “உங்க பொண்ணு வந்து என்னென்னமோ கேட்டுச்சு” என்று போய்ச் சேரும். எனவே இதற்கான பதிலை முன்பே ஒத்திகை பாருங்கள். என் மாணவி ஒருவர் கண்டுபிடித்த பதில் எனக்குப் பிடித்தது: “அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், ஆன்ட்டி. ஆனா இன்னைக்கு நான் யுனிவர்சிட்டி பிள்ளையா வந்திருக்கேன்.” சிரிப்போடு சொன்னால் பேச்சு அங்கேயே திரும்பிவிடும். பேட்டி கொடுப்பவர் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தெரியவந்தால், அந்தப் பேட்டியை வேறொரு மாணவருக்கோ உங்களுக்கோ மாற்றிவிடுங்கள்.

அடையாள அட்டை எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படி தேவையான இடங்கள் போன்ற சில சூழல்களைத் தவிர, நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்குவது 2019 செப்டம்பர் முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இருந்தும், பத்து வெள்ளி ஃபேர்பிரைஸ் பேரங்காடிப் பற்றுச்சீட்டு கொடுத்ததற்குக் கணக்குப் பிரிவு பெயரும் எண்ணும் கையெழுத்தும் கேட்டு, ஆய்வு முழுவதும் மறைத்து வைத்த அடையாளத்தை ஒரே தாளில் வரிசையாக எழுதி வாங்கிவிடும் கூத்து நடப்பதுண்டு. பற்றுச்சீட்டு வாங்கும் முன்பே கணக்குப் பிரிவோடு பேசி, குறியீட்டு எண் போதும் என்பதை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

வாசலைத் தாண்டும் முன்

யாரைச் சந்திப்பது என்பதில் மேற்பார்வையாளர் கண்டிப்பாக இருக்கலாம். வன்முறை இன்னும் தொடரும் வீட்டில் வாழ்கிறவரை இளநிலை மாணவர் பேட்டி எடுக்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. அதிலிருந்து வெளியேறி, குடும்பச் சேவை நிலையம் போன்ற ஓர் அமைப்பின் துணையோடு இருப்பவர்களை, அந்த அமைப்பின் வழியாகவே அணுகலாம். அப்போதும் குறுஞ்செய்தியில் தலைப்பைக் குறிப்பிடக்கூடாது. அந்தக் கைப்பேசியை வேறு யார் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. பேச்சுக்கு நடுவே ஆபத்து இன்னும் இருப்பது தெரிந்தால், வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவித் தொலைபேசி எண்ணான 1800-777-0000 மாணவரின் பையில் சிறு தாளில் இருக்க வேண்டும்.

பேட்டிக்குப் பொருத்தமான இடம் வீடுமில்லை, காப்பிக்கடையுமில்லை. வீட்டில் யாராவது வருவார்கள். காப்பிக்கடையில் பக்கத்து மேசையில் தமிழ் தெரிந்தவர் இருப்பார். நூலகத்தின் கண்ணாடிச் சுவர் கொண்ட கலந்துரையாடல் அறை நல்லது: பேச்சு வெளியே கேட்காது, ஆள் வெளியே தெரிவார்.

ஒவ்வொரு பேட்டிக்கும் காத்திருக்கும் ஆள் ஒருவர் பெயரோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மாணவர் உள்ளே போகும்போது ஒரு செய்தியும் வெளியே வந்ததும் ஒரு செய்தியும் அனுப்புவார். முடிய வேண்டிய நேரத்திலிருந்து அரை மணிக்குள் செய்தி வராவிட்டால் காத்திருப்பவர் அழைப்பார். இரண்டு அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் முகவரியைத் திறந்து பார்த்து 999க்கு அழைப்பார். திறந்து பார்த்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. யாரை, எங்கே சந்திக்கிறார் என்பது பேட்டி கொடுப்பவரின் இரகசியமும் ஆகும். அதை ஒட்டிய உறையில் வைத்து, அவசரம் என்றால் மட்டுமே பிரிக்க வேண்டும். எழுந்து வர வழி தேவைப்படும்போது பயன்படுத்த ஒரு வாசகத்தையும் பேசி வையுங்கள். “அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டியா?” என்ற செய்தி மாணவரிடமிருந்து வந்தால், காத்திருப்பவர் உடனே அழைத்து, அவசரமாக வரச் சொல்வார்.

காத்திருக்கும் ஆள் மேற்பார்வையாளர்தான் என்று பலர் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். மாணவர்கள் களத்துக்குப் போவது டிசம்பரில். நாம் ஊருக்கோ மாநாட்டுக்கோ போவதும் டிசம்பரில்தான். திருச்சியில் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியரால் ஈசூனில் இருக்கும் மாணவருக்கு உதவ முடியாது. ஊரில் இருக்கும் இன்னொருவரின் பெயரைச் சேருங்கள். பெண்பிள்ளைகள் என்றால் இருவராகப் போகச் சொல்லிவிட்டு, ஆண்பிள்ளைகளைத் தனியே அனுப்பும் வழக்கத்தையும் விடுங்கள். கட்டாயப் படைப்பயிற்சியான தேசிய சேவையை முடித்தவன், சமாளித்துக்கொள்வான் என்று நாம் நினைக்கிறோம்; அவனும் அப்படியே நினைத்துக்கொண்டு எதையும் சொல்லாமல் இருந்துவிடுகிறான்.

வெளிநாட்டு ஊழியர்களைச் சந்திக்கும் மாணவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை, ரேஸ் கோர்ஸ் சாலையை அடுத்த புல்வெளியில், பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்த பரோட்டாவைப் பிரித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒருவர், மாணவி நீட்டிய விவரத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பது இதுதான்: “ஏம்மா, இத எழுதுனா எங்க சூப்பர்வைசருக்குப் போகுமா?” அவருடைய வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்தது, முகவருக்குப் பணம் கொடுப்பதற்காக ஊரில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. தங்கும் விடுதிக்குள் பேட்டி எடுப்பதை இதனாலேயே தவிர்க்க வேண்டும். யார் யாரிடம் பேசினார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். கட்டுமான நிறுவனத்தின் பெயர், தளத்தின் பெயர் எதையும் குறிப்பேட்டில்கூட எழுதக்கூடாது.

அவர் உதவி கேட்பார். சம்பள பாக்கியைப் பற்றிச் சொல்லும்போது மாணவி தாமே முதலாளியை அழைத்துப் பேசப் புறப்படுவது நல்ல மனத்தின் விளைவுதான், ஆனாலும் அதில் இருவருக்குமே ஆபத்து உண்டு. அதற்குப் பதிலாக, சரியான தகவலைக் கொடுக்கலாம்: வேலையில் இருக்கும்போது சம்பளக் கோரிக்கையை ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692. இவற்றைத் தமிழில் அச்சிட்ட சிறு தாள் ஒன்று, மாணவியின் பரிவுக்கு ஒரு வடிகாலாகவும் இருக்கும்.

உறவுமுறைச் சொற்களைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகள் எதுவும் சொல்லமாட்டா. நாம் ஒருவரை “அண்ணே” என்று அழைக்காமல் பேச்சைத் தொடங்கவே முடியாது. அவரும் “தங்கச்சி” என்கிறார், கதவு திறக்கிறது. ஆனால் அண்ணனுக்குத் தங்கையிடம் உரிமை உண்டு. மறுநாள் காலையில் பூப்படத்தோடு வணக்கம் வருகிறது, அதற்கடுத்த வாரம் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வருகிறது, ஒரு மாதத்தில் இருநூறு வெள்ளி கைமாற்றுக் கேட்டு வருகிறது. பெரும்பாலும் தனிமையின் வெளிப்பாடுதான்; சில வேளைகளில் வேறாகவும் மாறும். மாணவரின் சொந்த எண்ணை யாருக்கும் கொடுக்கவிடாதீர்கள். துறையின் செலவில் ஒரு கைப்பேசியும் எண்ணும் இருந்தால் போதும். அதில் தம் படத்தை வைக்கக்கூடாது, மாலை ஏழு மணிக்கு அணைத்துவிட வேண்டும். மறுக்கும் வாசகத்தையும் உறவுமுறைக்குள்ளேயே அமைத்துக் கொடுங்கள்: “அண்ணே, பணம் விஷயத்துல எங்க சார் ரொம்ப கண்டிப்பு. தெரிஞ்சா என் படிப்பே போயிரும்.” பழியை என் மேல் போடச் சொல்லி மாணவர்களுக்கு நான் பொது அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அழைப்புகள் தொல்லையாகவோ மிரட்டலாகவோ மாறினால், செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு உங்களிடம் வரவேண்டும். 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டம் ஆய்வாளருக்கும் பொருந்தும். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய சொந்த விவரங்களை இணையத்தில் பரப்புவதும் 2020 முதல் அதன்கீழ் குற்றம்.

இணையத்தில் மட்டும் நடக்கும் ஆய்வு பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். தீவிரவாதக் கருத்துகளையோ ஆபாசப் படப் பகிர்வையோ ஆராயும் மாணவர் எதையும் தரவிறக்கக் கூடாது. அத்தகைய பொருளை வைத்திருப்பதே குற்றமாகலாம், அங்கே “ஆய்வுக்காக” என்ற சொல் தானாகக் காப்பாற்றாது. பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வரும்வரை தேடல்கூட வேண்டாம்.

காதொலிக்கருவியோடு இரவு இரண்டு மணி

ஆபத்து பேட்டி அறையில் இருக்கிறது என்றே எல்லாரும் நினைக்கிறோம். நான் பார்த்தவரையில் மாணவர்கள் உடைவது அதன்பிறகு, ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது. பேட்டியில் ஒரு பெண் ஒருமுறை சொன்ன வாக்கியத்தை எழுத்தாக்குகிறவர் பத்துமுறை கேட்கிறார். நம்மவர் பேச்சில் தமிழும் ஆங்கிலமும் மலாய்ச் சொற்களும் கலந்து வருவதால் தானியங்கி மென்பொருள் தடுமாறுகிறது. கையால் எழுதுவதே வழி. ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தங்கையோடு பகிர்ந்துகொள்ளும் படுக்கையறையில், எல்லாரும் உறங்கியபின், காதொலிக்கருவியை மாட்டிக்கொண்டு, “அன்னைக்குப் பிள்ளை பாத்துக்கிட்டே இருந்துச்சு” என்ற வரியில் கடைசிச் சொல் தெளிவாகக் கேட்காததால் பின்னோக்கித் தள்ளி, மறுபடி கேட்டு, மறுபடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தக் குரல் நேராகக் காதுக்குள் பேசுகிறது; பதில் சொல்ல வழியும் இல்லை.

இதற்கு மனநல வல்லுநராக வேண்டியதில்லை, நேர அட்டவணை போதும். எழுத்தாக்கும் வேலை பகலில், வீட்டுக்கு வெளியே, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடக்கட்டும். மிகக் கனமான பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதாமல் இரண்டு வரிச் சுருக்கமாக வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். இலவச இணையச் சேவைகளில் ஒலிப்பதிவை ஏற்றுவதைத் தடை செய்யுங்கள். களைத்துப்போன மாணவருக்கு வரும் முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு பேட்டிக்குப் பின்னும் இரண்டு நாளுக்குள் இருபது நிமிடம் நேரில் சந்தியுங்கள். என்ன தகவல் கிடைத்தது என்று தொடங்காதீர்கள். பேட்டி முடிந்து எம்ஆர்டி ரயிலில் ஏறியபின் என்ன செய்தீர்கள், வீட்டில் யாரிடமாவது பேசினீர்களா, தூக்கம் எப்படி என்று கேளுங்கள். பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவருக்கும் அதே துயரத்தின் அடையாளங்கள் தோன்றும் என்பதை உளவியலாளர்கள் 1990 முதல் தனிப் பெயரிட்டே பேசிவருகிறார்கள். அது பலவீனம் இல்லை என்பதை முதல் பேட்டிக்கு முன்பே மாணவரிடம் சொல்லிவிட்டால் பின்னர் சொல்ல வெட்கப்படமாட்டார். “ஓகே சார்” என்பது பதில் ஆகாது. சந்திப்புகளைத் தள்ளிப்போடுவதும், எழுத்தாக்கம் நான்காவது பேட்டியில் நின்றுவிடுவதும், சாப்பாட்டை விடுவதும்தான் நாம் கவனிக்க வேண்டியவை. அப்போது பல்கலைக்கழக ஆலோசனை நிலையத்துக்கு மாணவரோடு நீங்களே நடந்து செல்லுங்கள். இரவு நேரத்துக்கு, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மனநல உதவி எண்ணான 1771 ஆகிய இரண்டையும் கைப்பேசியில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் என்ன சொல்லலாம் என்பதையும் பேசுங்கள்: பெயரும் கதையும் கூடாது, ஆனால் “இன்னைக்குக் கேட்டது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா” என்று சொல்வதை எந்த இரகசிய விதியும் தடுக்கவில்லை.

ஒப்படைத்த பிறகு

ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்தவுடன் எல்லாம் முடிந்ததாகக் கருதிவிடுகிறோம். ஆய்வேடு நூலகத்தின் மின்தொகுப்பில் ஏற்றப்பட்டால், மாணவரின் முழுப்பெயரும் அவர் எழுதிய தலைப்பும் பல ஆண்டுகளுக்குத் தேடினால் கிடைக்கும். வேலைக்கு எடுப்பவரும் பார்ப்பார், கோபத்தோடு இருக்கும் ஒருவரின் உறவினரும் பார்ப்பார். சில ஆண்டுகளுக்கு வெளியிடாமல் வைத்திருக்க வழி உண்டா என்று நூலகத்திடம் கேட்டு, முடிவை மாணவரிடம் விடுங்கள். ஒலிப்பதிவுகளை எப்போது அழிப்பதாக ஒப்புதல் படிவத்தில் எழுதினீர்களோ, அந்த நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்றுப் போன மாணவரின் மடிக்கணினியில் இன்னொரு படி கிடக்கலாம் என்பதால் அதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் கடைசிச் செய்தியை மாணவரோடு சேர்ந்து எழுதி, இந்த எண் இத்தனாம் தேதியோடு நிற்கும் என்பதையும், அதன்பின் தொடர்புகொள்ள வேண்டுமானால் துறை அலுவலகத்தின் எண் இது என்பதையும் அதில் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தக் கைப்பேசியை வாங்கி, வந்திருக்கும் பதில்களை நீங்களே படித்து, உடனே கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று தெரிந்தபின் தொடர்புகளையும் செய்திகளையும் அழித்து, சிம் அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு மாணவருக்காக மேசை இழுப்பறையில் பூட்டி வையுங்கள்.